போயி வைத்து ஒட்டிய சீட்டு

கெயாவுகஹா, ஹிலோ
அக்டோபர் 14, 1996

அன்பு மகள் ஹோக்குலானிக்கு அப்பாவின் ஆசிகள். இங்கே நானும் அம்மாவும் நலம், ஹிலோ மழையும் குறைவில்லாமல் நலம். அந்த லாஸ் வேகஸ் வெயிலில் நீயும் சுகமாக இருக்க வேண்டும் என்று ஞாயிறுதோறும் சர்ச்சில் கேட்டுக்கொள்கிறோம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, என்னைத் திட்டும் குரலிலேயே அது தெரிகிறது. இந்த வாரம் அவள் திட்டியதில் நியாயமும் இருக்கிறது. போனில் சொன்னால் பாதியிலேயே சிரிக்க ஆரம்பித்துவிடுவாய், அதனால் எழுதுகிறேன்.

மார்ச்சில் அபெலா மாமா இறந்ததிலிருந்து எம்மலைன் அத்தை வீட்டுக் கூரை படுமோசம், படுக்கையறையில் மட்டும் நான்கு வாளி வைத்திருக்கிறாள். புதுத் தகரம் போட மாமாவின் ஸ்டீல் கிட்டாரை விற்றுவிடலாம் என்று முடிவு செய்து, அது யார் செய்தது, என்ன விலை பெறும் என்று பார்த்துச் சொல்ல என்னைக் கூப்பிட்டாள். இந்த ஊரில் ஸ்டீல் கிட்டாருக்கு நான்தான் பண்டிதன் என்று முப்பது வருஷமாக நானே சொல்லி வருகிறேன் இல்லையா, அவளும் நம்பிவிட்டாள். தவிர, அதை மாமாவுக்குக் கொடுத்ததே நான்தான். 1958இல் அவனுடைய படகு மோட்டாரை வாங்கிக்கொண்டு பதிலுக்குக் கொடுத்தேன். மோட்டார் இரண்டே மாதத்தில் செத்துப்போனது. அதிலிருந்து கல்யாண வீடோ சாவு வீடோ, "என்னை ஏமாத்தின மோட்டார்க்காரன் வர்றான் பாரு" என்று நான் சொல்லாத நாள் இல்லை. அவனும் தலையைக் குனிந்து சிரித்துவிட்டுப் போவான்.

நான் யாரிடமும் சொல்லாத ஒன்று உண்டு. அந்தக் கிட்டாருக்குள் முதலில் இருந்தது ஹிலோ ஃப்ரண்ட் தெரு ஃபரியா என்கிற கிட்டார்த் தச்சரின் பெயர்ச் சீட்டு. அப்போது எல்லோரும் ஒரு கலிஃபோர்னியா கம்பெனியின் பெயரைத்தான் மந்திரம் மாதிரி சொல்லிக்கொண்டிருந்தார்கள், உள்ளூர்த் தச்சரை யார் மதித்தார்கள்? குப்பைமேட்டில் கிடந்த உடைந்த கிட்டார் ஒன்றிலிருந்து அந்தக் கம்பெனிச் சீட்டை வெந்நீர் ஆவியில் காட்டி உரித்தெடுத்தேன். ஃபரியாவின் சீட்டைச் சமையல் கத்தியால் சுரண்டித் தூக்கிப் போட்டுவிட்டு, அந்த இடத்தில் இதை ஒட்டினேன். பசைக்கு எங்கே போவது, சாப்பாட்டுக்குக் கூழாக அரைத்து வைத்திருந்த சேப்பங்கிழங்குப் போயியைத்தான் தடவினேன். அபெலா ஆசையோடு எட்டிப் பார்த்தது அந்தச் சீட்டைத்தான்.

இப்போது எம்மலைன் அதே கிட்டாரை என் முன்னால் கொண்டுவந்து வைத்தாள். விஷயம் தெரிந்தவர்கள் பார்த்தால் நல்லது என்று மழுப்பிவிட்டு வந்தேன். அவள் நிஜமாகவே ஹொனலூலுவிலிருந்து டெனிஸ் ஒகாமுரா என்ற பெண்ணை வரவழைத்துவிட்டாள். பழைய கிட்டார்களைப் பழுது பார்த்து விலை சொல்வதுதான் அவள் தொழில். கிட்டாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், நம் தீவுக் காட்டின் கோவா மரத்தைத் தடவினாள், தலைவரைக்கும் உள்ளே வெற்றாக இருந்த அதன் கழுத்தைத் தட்டிக் கேட்டாள், விளிம்பில் கயிறு முறுக்கின மாதிரி ஓடும் வேலைப்பாட்டைக் கண்ணாடி வைத்துப் பார்த்தாள். கடைசியில் சீட்டின் ஓரத்தை நகத்தால் நிமிண்டி, முகர்ந்து பார்த்துச் சிரித்தாள். "கலிஃபோர்னியால எந்தக் கம்பெனி போயி வெச்சு ஒட்டும், ஆன்ட்டி? கிட்டார் அருமையான கிட்டார், கம்பெனி வேலையைவிட நல்ல வேலை. ஆனா இந்தச் சீட்டு பொய். எவனோ ஒரு மடையன் ஒட்டியிருக்கான்" என்றாள். ஆமாம், மடையன்தான் என்று முதலில் தலையாட்டியது நான்.

செய்தவர் பெயர் இல்லாமல் எண்ணூறு டாலர் தேறும், வேலைப்பாடு ஹிலோ ஃபரியாவுடையது மாதிரி இருக்கிறது, அதைக் காட்ட முடிந்தால் நாலாயிரத்தைத் தாண்டும் என்றாள். எண்ணூறில் பாதிக் கூரைக்குக்கூடத் தகரம் வராது. எம்மலைன் எங்களுக்குச் சர்க்கரை தூவிப் பொரித்த மலசாடா எடுத்து வைத்துவிட்டுச் சொன்னாள்: "நல்லவேளை, இதைக் கேட்க அவர் இல்ல. கெட்டுப்போன மோட்டார்னு தெரிஞ்சே உன் தலையில கட்டிட்டேன்னு கடைசிவரைக்கும் மனசு அரிச்சுக்கிட்டே இருந்தார். அதுக்காகத்தான் வெள்ளிக்கிழமை தவறாம உங்க வீட்டுக்கு மீன் கொண்டுவந்தார்." மகளே, அந்த மீனெல்லாம் என் கிட்டார் வாசிப்புக்குக் கிடைத்த மரியாதை என்று நினைத்துக்கொண்டு முள்ளை மட்டும் மிச்சம் வைத்துத் தின்றவன் நான். கையிலிருந்த மலசாடாவைத் தட்டில் வைத்தேன். அந்த மடையன் நான்தான் என்று சொல்லிவிட்டேன். எம்மலைன் மலசாடாத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "எத்தனை மீன் தின்னிருப்பே, லோட்?" என்று மட்டும் கேட்டாள்.

ஒகாமுராதான் காரியத்தில் கண்ணாக இருந்தாள். "உள்ளே வேற என்ன பார்த்தீங்க அங்கிள்? நான் பார்க்கறதுக்கு முன்னாடியே சொல்லிடுங்க" என்றாள். அன்றைக்குச் சுரண்டும்போது சவரக் கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்தது ஞாபகம் வந்தது. மேற்பலகையின் அடியில், குறுக்குச் சட்டத்தில், பென்சிலால் ஃபரியா என்று எழுதி 1926 போட்டிருந்தது, ஆறு மட்டும் சாய்ந்த மாதிரி இருக்கும் என்றேன். அவள் காம்பு வைத்த சின்னக் கண்ணாடியை ஓட்டைக்குள் விட்டு விளக்கடித்தாள். இருந்தது, சாய்ந்த ஆறோடு.

பிறகு நடந்ததை என் கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். போயி என்ற வார்த்தையை விடக் கூடாது என்று எம்மலைன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். ஐம்பது வருஷம் வாசித்தும் என் பெயர் ஒரு காகிதத்தில் ஏறியதில்லை, இனி அந்தக் கிட்டார் போகுமிடமெல்லாம் இதுவும் போகும். ஹொனலூலுக்காரர் ஒருவர் நாலாயிரத்து முந்நூறுக்கு எடுத்துக்கொண்டார். தகரம் வந்து இறங்கிவிட்டது, சனிக்கிழமை ஆணி அடிக்கப் போவது நான். அம்மா கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டு திட்டுவாளாம்.

நீ அங்கே எதையாவது பழசாக வாங்கினால் உள்ளே எட்டிப் பார்த்து வாங்கு, விற்பவன் உன் அப்பா மாதிரி இனிக்கப் பேசினால் வாங்கவே வாங்காதே. சூதாட்ட மிஷின் பக்கம் போகாதே. கிறிஸ்துமஸ் டிக்கெட்டை இப்போதே போட்டுவிடு, அப்புறம் விலை ஏறிவிடும். கடவுள் உனக்கு நல்ல உடம்பும் உண்மையான சிநேகிதர்களும் கொடுக்கட்டும்.

இன்னொன்று. கிட்டாரைப் பெட்டியில் வைப்பதற்கு முன் எம்மலைன் அதை என் மடியில் வைத்து, ஒரு தடவை வாசி என்றாள். வாசித்தேன். கேட்டுவிட்டு, "அவர் உன்னைவிட நல்லா வாசிப்பார்" என்றாள். ஆமாம் என்றேன். அவன் உயிரோடு இருந்தபோது ஒரு தடவைகூட நான் அதைச் சொன்னதில்லை.

என்றும் உன் அன்பு அப்பா
லோட் மஹோயே