ரெண்டு அங்குலம் ஒசந்த பலகை

தை 5, ஞாயிறு

காலையில நல்ல பனி. பட்டறையில நின்ன ரெண்டு லாரியும் ஸ்டார்ட் ஆகலை. கை வெறச்சுப் போச்சு.

செட்டியார் ஆள் விட்டாரு. பினாங்குலருந்து கப்பல்ல வந்த பொட்டியைப் பிரிச்சாச்சு. படகுக்குப் பின்னால மாட்டுற இஞ்சின். இந்த வருசம் தெப்பத்தை ஊர்க்காரன் வடம் புடிச்சு இழுக்க வேண்டாமாம். இவரு படகு இழுக்குமாம். சாமிக்கும் மோட்டார் யோகம்.

படகு செய்யிறது அத்தான், அக்கா வீட்டுக்காரர். காரைக்குடியில பாதி வீட்டு நெலைக்கதவு அவர் கை வேலை. படகு இதுதான் மொத. இஞ்சின் மாட்டுறது நான். ‘குடும்பமாச் சேந்து செய்யுங்கப்பா, பேரு ஒங்களுக்குத்தான்’னாரு செட்டியார். பேரு!

வாங்க: நட்டு, கிரீஸ், மக வள்ளிக்கு ரிப்பன். ரேஷன்ல அரிசி இல்லை. கோதுமைதான்.

தை 7, செவ்வாய்

பனி. தொண்டை கட்டிக்கிச்சு. அத்தான் கொட்டகைக்குப் போனேன். படகு லெச்சணமாத்தான் இருக்கு, நெலைக்கதவு மாதிரி மூக்குல பூ வேற செதுக்கி. இஞ்சின் மாட்டுற பின்பலகையை அளந்தேன். ஒசரம் பதினேழு அங்குலம்.

பொட்டியோட வந்த படத்துல தெளிவாப் போட்டிருக்கு. தண்ணியைத் தள்ளுற காத்தாடிக்கு மேல ஒரு தகடு. அது படகோட அடிக்கு நேரா நிக்கணும், இல்லாட்டி ஒரு விரக்கடை கீழ. அதுக்குப் பலகை பதினஞ்சுதான் இருக்கணும்.

‘அத்தான், இஞ்சினுக்குக் கழுத்து அம்புட்டுத்தான். பலகை ஒசந்தா காத்தாடி தண்ணியில நிக்காது.’

‘மனையடிக் கணக்குப்படி நீளத்தையும் ஒசரத்தையும் பெருக்கிக் கழிச்சுப் பாரு மாப்ளே. பதினஞ்சுக்கு மிச்சம் மரணம் விழுது. பதினேழுக்கு ராசா. சாமி காரியத்தை மரணத்துல வச்சுத் தரச் சொல்றியா?’

‘இது வீடு இல்ல அத்தான்.’

‘உள்ள மனுசன் உக்காந்தா அது வீடுதான்.’

மாசி பொறந்ததும் அவர் மகன் சண்முகத்துக்கும் என் மக வள்ளிக்கும் பரிசம். சின்னதுலருந்து சொல்லி வச்சது. பொண்ணைக் குடுக்கிற எடத்துல மல்லுக்கட்ட முடியுமா? பதினேழுலயே இஞ்சினை மாட்டிட்டு வந்துட்டேன்.

தை 11, சனி

வெயில். ஊருணியில வெள்ளோட்டம். நானும் அத்தானும் மட்டும். ரெண்டு பேரும் பின்னால உக்காந்தோம், கழுதை அம்சமா ஓடுச்சு! ‘என்ன மாப்ளே, காத்தாடி தண்ணியில நிக்கலையோ?’ கரை வர்ற வரைக்கும் அத்தானுக்குச் சிரிப்பு.

ஓடாம என்ன செய்யும்? எங்க கனத்துல பின்பக்கம் அமுங்கிக் கெடந்துச்சு. செட்டியார்கிட்டச் சொல்லிட்டேன்: ‘தெப்பத்தன்னிக்கு முன்பக்கம் யாரையும் ஏத்தாதீக மொதலாளி.’ தலையாட்டுனாரு. பெரிய மனுசன் தலையாட்டுறதுக்கு என்ன அர்த்தம்னு அவருக்கே தெரியாது.

தலைவலி. சுக்குத்தண்ணி.

தை 15, புதன்

தெப்பம். எழுதவே புடிக்கலை.

சாயங்காலம். கரை கொள்ளாத சனம். செட்டியார், மகன்மாரு, சம்பந்தகாரவுக, குடை புடிக்க ஒருத்தன், எல்லாரும் முன்னால. ஊர் பாக்க வேண்டாமா! ‘பின்னால வாங்க மொதலாளி’ன்னு கத்துனேன். மேளத்துல யாருக்குக் கேக்குது. பின்னால நான் ஒருத்தன்.

நடு ஊருணி வரைக்கும் எப்படியோ போச்சு. தெப்பத்தோட கனம் கயித்துல ஏறவும் மூக்கு அமுங்கி வால் தூக்கிருச்சு. காத்தாடி பாதி வெளிய. இஞ்சின் ஒரே அலறல், படகு நகரலை. வாரியடிச்ச தண்ணி பூராம் தெப்பத்து மேல, குருக்கள் மேல, தீவட்டி அணைஞ்சு போச்சு. தீயிற வாடை வரவும் நிப்பாட்டிட்டேன். சாமி நடுத்தண்ணியில. நல்ல நேரத்துல நிக்குது சாமி.

‘மோட்டார் படுத்துருச்சுடோய்!’ வடம் புடிக்கிறவுகளுக்குக் கொண்டாட்டம். நீந்தி வந்து வடத்தைக் கட்டி இழுத்துக்கிட்டுப் போனாங்க.

கரையில செட்டியார் மூஞ்சி செவசெவன்னு. ‘யாரு பண்ணுன தப்பு இது?’ அத்தான் தரையைப் பாத்துக்கிட்டு நிக்கிறாரு. நான் வாயைத் தொறக்குறதுக்குள்ள அக்கா என் சட்டையைப் புடிச்சு அங்குட்டு இழுத்துட்டா.

‘தம்பி, பலகையைச் சொல்லிறாதே. சாமி காரியத்துல அளவு தப்புனாருன்னா அவருக்கு நெலை வைக்க ஒரு வீட்டுலயும் கூப்புட மாட்டாக. ஒனக்கென்ன, லாரிக்கு இதெல்லாம் யாரு பாக்கப் போறா. வள்ளி எங்க வீட்டுக்குத்தானே வரப்போறா. எல்லாம் ஒண்ணுதானே.’

அழுதா. அக்கா அழுது என்னால பாக்க முடியாது.

போயிச் சொன்னேன். ‘இஞ்சினை நான்தான் ஒசத்தி மாட்டிட்டேன் மொதலாளி. என் தப்பு.’ அம்புட்டுச் சனமும் கேட்டுச்சு. ‘லாரி பாக்குறவனுக்குச் சாமி காரியம் ஒரு கேடா’ன்னு காறித் துப்புனாரு. அத்தான் அப்பவும் நிமுந்து பாக்கலை.

வள்ளி நல்லா இருந்தாச் சரி.

தை 19, ஞாயிறு

காத்து. கண்ணெல்லாம் புழுதி. டீக்கடையில சேதி. படகு ஓடிருச்சாம். தேவகோட்டைலருந்து ஒரு மெக்கானிக்கைக் கூட்டியாந்து மாட்டுனாகளாம். முன்னால நாலு பேரை ஏத்திப் பாத்தாகளாம், இஞ்சின் கத்தலையாம். எப்படின்னு கடைக்காரன்கிட்டக் கேட்டேன்.

‘ஒங்க அத்தான் பின்பலகையில ரெண்டு அங்குலம் வெட்டி எறக்கிட்டாருல்ல. மச்சினன் கெடுத்ததை நான் சரி பண்ணுனேன்னு சொல்லிக்கிட்டுத் திரியிறாரு.’

ரெண்டு அங்குலம் வெட்டுனாரே, மிச்சம் இப்ப என்ன விழுந்துச்சாம்? மரணம் எந்தப் பக்கம் எந்திரிச்சுப் போச்சு? அடப்பாவி மனுசா. தெரிஞ்சுக்கிட்டேதான் தரையைப் பாத்துக்கிட்டு நின்னிருக்காரு.

வள்ளி காதுல விழாம வீட்ல சொன்னேன். ‘விடுங்க, பரிசம் முடியட்டும்’னா என் பொண்டாட்டி. இவளும் அக்கா மாதிரியே சொல்றா.

தை 22, புதன்

வானம் மப்பு. மழை இல்லை. ஒரு லாரி வரவேண்டியது, வரலை. ஒம்பது மணிக்கு அக்கா வந்தா. வாசப்படி ஏறலை. தண்ணி குடுத்ததுக்கு வேண்டாம்னுட்டா. அப்பவே தெரிஞ்சுபோச்சு.

‘தம்பி, ஒங்க அத்தான் யோசிக்கிறாக. சாமி நடுத்தண்ணியில நின்ன பாவம் ஒங்க வீட்டு மேல இருக்குன்னு ஊரே பேசுது. அந்த வீட்டுப் பொண்ணை எப்படி எடுக்கிறது? நாச்சியாபுரத்துல ஒரு எடம் வந்திருக்கு சண்முகத்துக்கு.’

‘அக்கா! பலகை யாரு அளவுன்னு ஒனக்குத் தெரியாதா?’

‘எனக்குத் தெரிஞ்சு என்ன தம்பி. என் தப்புன்னு ஊரு கேக்கச் சொன்னது நீயில்ல?’

சேலைத் தலைப்பால மூஞ்சியைத் தொடைச்சா. இந்தத் தடவை எனக்கு எரக்கம் வரலை. போ அக்கான்னேன். போயிட்டா. கூடப் பொறந்தவ.

பொண்டாட்டி உள்ள ஒப்பாரி. நான் அக்காளை, அத்தானை, செட்டியாரை, அந்தப் படகை எல்லாத்தையும் வஞ்சுக்கிட்டு இருந்தேன். கொல்லையிலருந்து வள்ளி வந்து நின்னா. அழுகலை.

‘அத்தையை எதுக்குப்பா வையிறீக? அவுக என்ன செய்வாக. தப்புப் பண்ணுனது நம்மதானே.’

இல்ல தாயின்னு சொல்ல வாயெடுத்தேன். அதுக்குள்ள கோதுமை பொடைக்கப் போயிட்டா.