ஏ.சி.க்கு வைத்த சந்தனப் பொட்டு

தூத்துக்குடி,
அக்டோபர் 1975

அன்புள்ள அம்மாவுக்கு உன் மகன் இசக்கியப்பனின் வணக்கம். முழங்கால் வலி எப்படி இருக்கிறது? தங்கச்சி சேட்டை செய்கிறாளா? நான் சுகம், பட்டறைக் கிரீஸில் இன்னும் கொஞ்சம் கறுத்திருக்கிறேன், அவ்வளவுதான்.

ஆயுதபூஜைக்கு மறுநாள் உப்பள முதலாளியின் வெளிநாட்டுக் காரில் ஏ.சி. ஓடவில்லை. "டிரைவர்தான் கெடுத்திருக்கான், இன்னையோட அவனுக்குக் கணக்கு முடிக்கேன்" என்று பட்டறைக்கே வந்து குதித்தார். டிரைவர் செந்தூர்பாண்டி அண்ணாச்சி என் முதுகுக்குப் பின்னால் வந்து ஒண்டிக்கொண்டார்.

பெல்ட் சரி, பேட்டரி சரி. ஏ.சி. பியூஸைக் கழற்றினால் இரண்டு முனையிலும் காய்ந்த சந்தனம்! கரண்ட் எப்படிப் போகும்?

அண்ணாச்சி என் காதில், "ஏலே, விலை கூடுன சாமானாச்சேன்னு அதுக்கு மட்டும் தனியாக் கழத்திப் பொட்டு வச்சேன்" என்றார்.

"நல்லவேளை அண்ணாச்சி, எஞ்சினுக்குள்ள தேங்கா உடைக்கல!"

சுரண்டித் துடைத்து மாட்டினேன். ஜில்லென்று காற்று வந்தது. "உப்புக்காத்து அரிச்சிட்டு மொதலாளி" என்றேன். உப்பு விற்கிறவர் உப்பைத் திட்ட முடியுமா? காரில் ஏறிப் போய்விட்டார். அண்ணாச்சி வேலை தப்பியது.

தீபாவளிக்கு எனக்கு லீவு இல்லை அம்மா. ஆனால் ஞாயிற்றுக்கிழமை அண்ணாச்சி தென்காசிக்கு அதே காரைக் காலியாக ஓட்டிப் போகிறார். நம் வீட்டில் நிறுத்துவார். போர்த்திக்கொள்ள உன் பழைய சேலை ஒன்று கொடுத்துவிடு. துவைக்க வேண்டாம்.

மேஸ்திரி கத்துகிறார். நீ காரில் ஏறி, கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஏ.சி.யைப் போடச் சொல்லிக் கொஞ்ச நேரம் உட்கார். உன் பிள்ளை ஓட வைத்த காற்று அது.

இசக்கி