விசில் தொங்கிய ஆணி

நீ தலையணைமேல் வைத்த கப்பல் நாவலை முடித்துவிட்டேன். மூன்று நாள் நான் பேசாமல் இருந்தது கோபத்தால் அல்ல, அதைப் படித்துக்கொண்டிருந்ததால். அதில் தாமதமாக வந்த மாலுமியைப் பாய்மரத்தில் கட்டிச் சவுக்கால் அடிக்கிறார்கள். மற்றவர்கள் அசையாமல் பார்க்க வேண்டும். நான் வேலை பார்த்த போர்க்கப்பலில் சவுக்கு இல்லை; பிந்தி வந்தவனை வெயிலில் நிற்க வைப்பார்கள். நானும் அப்படி நின்றிருக்கிறேன்.

அன்று வீட்டுக்குப் பத்து நிமிடம் பிந்தி வந்ததற்கு நம் மகளை வாசலில் நிற்க வைத்தேன். “இது வீடுங்க, கப்பல் இல்ல” என்றாய். உன்மேல் எரிந்து விழுந்தேன். பதிலுக்குக் கத்தாமல் புத்தகத்தை வைத்தாயே, நன்றி.

சாதம் குக்கரில் இருக்கிறது. பத்து மணிக்குக் குழாய் ரிப்பேர்காரர் வருவார்.

பி.கு.: மகள் தூங்கட்டும். இனி விடியலில் விசில் ஊதி எழுப்ப மாட்டேன். அது தொங்கிய ஆணியில் அவளுக்கென்று ஒரு வீட்டுச் சாவியை மாட்டியிருக்கிறேன்.