அப்பாவின் பேச்சும் கிளினிக் பில்லும்

அன்புள்ள வாயாடிக்கு,

நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். இங்கே நாங்கள் இருவரும் நலம், என் வலது முழங்காலை மட்டும் இதில் சேர்க்காதே, அது எங்களோடு பேச்சுவார்த்தை இல்லாமல் தனியாக இருக்கிறது. போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நான் பாதி சொல்வதற்குள் மீதியை நீயே சொல்லி முடித்துவிடுகிறாய், போன வாரமும் அப்படித்தான் ஆயிற்று, எனக்கும் கோபம் மூக்குக்கு மேல் வந்து போனை வைத்துவிட்டேன். கடிதத்தில் நீ குறுக்கே வர முடியாது பார், அதனால் நிம்மதியாக உட்கார்ந்து எழுதுகிறேன். சமையலறைக் குழாய் ஒருவழியாகச் சரியாயிற்று. மாடிப்படி விளக்கை மாற்றச் சொல்லி வீட்டுச் சொந்தக்காரரிடம் சொல்லிச் சொல்லி என் வாய் வலிக்கிறது, அவர் காதில் ஏறவில்லை. நீ அனுப்பிய கம்பளிச் சட்டையை அப்பா கழற்ற மாட்டேன் என்கிறார், துவைக்க வேண்டும் என்றால்கூடச் சண்டை.

விஷயத்துக்கு வருகிறேன். கிளினிக் பில் வேலையை வெளியே ஒரு கம்பெனிகிட்ட குடுத்துடும்மா, வர்ற பணத்துல கொஞ்சம் போனா போகட்டும், அப்பாவை ஏன் போட்டு வதைக்கறே என்று கேட்டாய். அந்த வதைக்கறே என்பதுதான் எனக்குச் சுருக்கென்று தைத்தது. பக்கவாதம் வந்து கைகால் தேறிய பிறகும் அப்பாவுக்குப் பேச்சு முழுதாகத் திரும்பவில்லை என்பது உனக்குத் தெரியும். என்ன சொல்ல வேண்டும் என்பது மனதில் தெளிவாக இருக்கும், சொல் வாய்க்கு வர நேரமாகும். ஊரில் இருப்பவர்களுக்கெல்லாம் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற எனக்கு, என் வீட்டுக்காரரை ஜன்னலோரம் உட்காரவைத்துவிட்டுப் போக மனம் வரவில்லை. நான்தான் என் கிளினிக்குக்கு அழைத்துப்போய், பொம்மை அலமாரி இருக்கும் பின்னறையில் ஒரு மேஜை போட்டு, இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்குப் பில் அனுப்புவதையும் அவர்களோடு போனில் பேசுவதையும் அவரிடம் கொடுத்தேன். எனக்கு அது பில் வேலையே இல்லை, அவருக்கான பயிற்சி. தினமும் நாலு பேரிடம் பேசினால் நாக்கு இளகும் என்பது என் எண்ணம்.

அவர் அதைச் செய்த விதத்தை நீ பார்த்ததில்லை. ஒவ்வொரு போனுக்கும் முன்னால், நான் என் பயிற்சி அறையில் இல்லாத நேரம் பார்த்து உள்ளே வந்து, குழந்தைகள் நாக்கை நீட்டிப் பழகும் அந்தக் கண்ணாடிக்கு எதிரே நிற்பார். கம்பெனி பெயர், நோயாளியின் எண், எதற்காகப் பில்லைத் திருப்பி அனுப்பினீர்கள் என்ற கேள்வி, எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பார். பிறகு போய் நம்பரைப் போடுவார். அந்தப் பக்கம் பாட்டைப் போட்டு அரை மணி காக்கவைப்பார்கள். கடைசியில் ஆள் வந்து ஹலோ என்றதும் இவர் முதல் சொல்லைத் தேடுவார், சத்தத்தைக் காணோமே, லைன் போய்விட்டது என்று அவர்கள் வைத்துவிடுவார்கள். மறுபடி கண்ணாடி, மறுபடி பாட்டு. நான் என் அறையில் ஒரு குழந்தையின் தாடையைப் பிடித்துக்கொண்டு ஆ சொல்லு என்பேன், என் காது இரண்டும் பின்னறையில் இருக்கும். இந்த இழுபறியில், பயிற்சிக்கு இன்சூரன்ஸ் கம்பெனி தரும் அனுமதி ஒன்றைப் புதுப்பிக்காமல் விட்டுப்போய், திக்கிப் பேசும் ஒரு சின்னப் பெண் சில வாரம் வர முடியாமலே போயிற்று. அவள் அம்மா ஒரு வார்த்தை கோபித்துக்கொள்ளவில்லை, அதுதான் எனக்கு இன்னும் சங்கடமாக இருந்தது. வேலையை அவரிடமிருந்து வாங்கியாக வேண்டும் என்று எனக்கும் தெரியாமல் இல்லை. எப்படிச் சொல்வது, உங்களால முடியலைன்னு எந்த வாயால் சொல்வது என்று மென்று முழுங்கிக்கொண்டிருந்தபோதுதான் நீ போனில் அதையே போட்டு உடைத்தாய்.

இப்போது கேள். வியாழக்கிழமை ஒரு பெண் பையும் மடிக்கணினியுமாக வந்து, பில் கம்பெனியிலிருந்து வருகிறேன், சார் வரச் சொன்னார் என்றாள். நீதான் எனக்குத் தெரியாமல் ஏற்பாடு செய்துவிட்டாய் என்று நினைத்து மனதுக்குள் உன்னைத் திட்டித் தீர்த்தேன், அதை இங்கேயே வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். போன் பண்ணிக் கூப்பிட்டது அப்பாவேதான். கேட்கவேண்டியதையெல்லாம் யோசித்து வைத்திருந்தார். நோயாளிகளின் விவரங்களை உங்களில் யார் யார் பார்ப்பார்கள், பில் திரும்பி வந்தால் யார் போன் செய்து சண்டை போடுவார்கள், உங்களை விட்டு விலக நினைத்தால் எங்கள் கணக்குகள் எங்களிடம் திரும்பி வருமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். மெதுவாகத்தான் கேட்டார். அந்தப் பெண் ஒரு சொல்லைக்கூட அவருக்காக எடுத்துக் கொடுக்கவில்லை, கையைக் கட்டிக்கொண்டு அவர் முகத்தையே பார்த்துக் காத்திருந்தாள். எனக்கு அவளை அப்போதே பிடித்துவிட்டது. பில் அனுப்புவதும் இன்சூரன்ஸ்காரர்களோடு மல்லுக்கட்டுவதும் அவர்கள் பாடு, குடும்பங்களோடு பணம் பற்றிய பேச்சு மட்டும் வெளியே போகாது, அதை நம் வரவேற்பறைப் பெண்ணே பார்த்துக்கொள்வாள். ஆறு மாதம் பார்ப்போம், ஒத்துவராவிட்டால் விலகிக்கொள்ளலாம் என்று பேசி முடித்திருக்கிறோம்.

அவள் போன பிறகு உங்களுக்கு இதில வருத்தமில்லையா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். சிரித்துவிட்டார். அந்த வேலை முதல் நாளிலிருந்தே அவருக்குப் பிடிக்கவில்லையாம். நீ தனியா கிடந்து அல்லாடுறே, அதான் செஞ்சேன் என்றார். நான் அவருக்காக என்று கொடுத்து வைத்திருக்கிறேன், அவர் எனக்காக என்று இழுத்துக்கொண்டு கிடந்திருக்கிறார், எங்கள் இருவரையும் எங்கே போய்ச் சொல்வது. பிறகு அவர் சொன்னதுதான் நீ கேட்க வேண்டியது. எனக்கு ஒரு நாளைக்குக் கொஞ்சம் பேச்சுதான், மத்தியானத்துக்குள்ள அவங்க கிட்டயே தீர்ந்துடுது, சாயங்காலம் வாயாடி கூப்பிடும்போது ஒண்ணும் மிச்சமில்ல என்றார். அப்பாவுக்கு என்மேல கோவமாம்மா, ஏன் ஹலோ சொல்லிட்டு உடனே உன் கையில குடுத்துடறார் என்று நீ எத்தனை தடவை கேட்டிருக்கிறாய், வயசாச்சு, அசதி என்று நானும் ஏதோ சொல்லி மழுப்பியிருக்கிறேன். கோபமும் இல்லை ஒன்றும் இல்லை கண்ணு. உனக்கான பேச்சை இன்சூரன்ஸ்காரர்கள் வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

இந்த மாதத்தோடு அவர் மேஜை காலி, அந்த இடத்தில் இன்னொரு பொம்மை அலமாரி வரப்போகிறது. மாப்பிள்ளைக்கு இருமல் விட்டதா, டாக்டரைப் பார்க்கச் சொல், ஆண்கள் தாமாகப் போக மாட்டார்கள். நீயும் நேரத்துக்குச் சாப்பிடு, நின்றுகொண்டே சாப்பிடாதே. இருவரும் ஒற்றுமையாக, நோய்நொடி இல்லாமல் நிறைந்து வாழ வேண்டும், எங்கள் ஆசி எப்போதும் உண்டு.

ஒன்றை மறக்காதே. ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பாவே உன்னைக் கூப்பிடுவார். நேற்றும் இன்றும் அந்தக் கண்ணாடி முன்னால் நின்றார், இந்தத் தடவை கம்பெனி பெயர் இல்லை, உன் பெயர். நீ போனை எடுத்ததும் சத்தமே வராது. லைன் போய்விட்டது என்று வைத்துவிடாதே, நீயாக எதையும் சொல்லி முடிக்காதே. அப்பா அங்கேதான் இருப்பார், கொஞ்சம் காத்திரு.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்
அம்மா