கண்ணாடி போடாமல் லைட்டைப் போடாதே

23 பிப்ரவரி 2025, ஞாயிறு

சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் மீன்தொட்டி வேலை. லைட்டுக்கு அடியில் மாட்டுகிற கண்ணாடித் தகட்டில் ஒரு வாரத்து உப்பு வெள்ளையாகப் படிந்திருந்தது. கழற்றி நல்லதண்ணீரில் கழுவி அடுக்களையில் சாய்த்துவைத்தேன். கடல் பத்து வீடு தள்ளிக் கிடக்கிறது, என் வீட்டுக்காரர் பெனிட்டோவுக்கு வீட்டுக்குள்ளும் ஒரு கடல் வேண்டும்! தோஹாவில் ஒரு மாலில் மீன்தொட்டி பராமரிக்கிற வேலை. அங்கே கழித்துப்போட்ட பழைய லைட்டைச் சுமந்துகொண்டு வந்து, சென்னைக் கடையில் உயிருள்ள பவளம் வாங்கி வைத்து, நாற்பது நாள் கொஞ்சிவிட்டுப் போய்விட்டார். மீதி நானும் அவர் அம்மாவும், அதாவது என் மாமியும்.

விசா மெடிக்கலுக்கு இன்று சாயங்காலம் சென்னைக்கு ரயில். எட்டு வருடக் கல்யாணத்தில் நாங்கள் சேர்ந்திருந்தது பதினான்கு மாதம். ஏப்ரலில் போய்விட்டால் இனி அவரோடு தோஹாவில்தான். அதன்பிறகு தொட்டி மாமியின் பொறுப்பு. இந்த வாரம் ஒத்திகை.

கண்ணாடியை மாட்டுவதற்குள் ஆட்டோ வந்து ஹாரன் அடித்தது. வாசலில் நின்று கத்தினேன். "மாமி, பத்து மணிக்கு லைட்டப் போடணும், நாலு மணிக்கு நிறுத்தணும். கண்ணாடி போடாம லைட்டப் போட்டிராதீங்க, கேட்டீங்களா?"

"ஓ, கேட்டேன் மக்ளே. நீ பைய போ."

26 பிப்ரவரி, சென்னை

மெடிக்கல் முடிந்தது. எத்தனை குழந்தைகள் என்று கேட்டார்கள். இல்லை என்றேன். எழுதிக்கொண்டார்கள்.

28 பிப்ரவரி, வெள்ளி

சாயங்காலம் வீட்டுக்கு வந்து பார்த்தால் மாமியின் கண் இரண்டும் செக்கச்செவேல். தண்ணீர் ஒழுகுகிறது. முகம்கூட, சித்திரை வெயிலில் நின்றவர் மாதிரி சிவந்து கிடக்கிறது.

"கண்ணுக்குள்ள மண்ண வாரிப் போட்டமாதிரி இருக்கு, ஏட்டி."

மெட்ராசுக்குப் போனது நான். மெட்ராஸ் ஐ வந்தது மாமிக்கா?

தொட்டியும் சரியில்லை. பவளம் வெளுத்திருக்கிறது. தண்ணீரைச் சோதித்தேன், குறை ஒன்றும் இல்லை. லைட் கண்ணாடி அடுக்களையில் இல்லை, மாமியே மாட்டியிருப்பார். பின்னே எதனால்? ஒன்றும் பிடிபடவில்லை.

1 மார்ச், சனி

பகல் முழுக்க நாகர்கோவிலில் விசாவுக்கான சர்டிபிகேட் அலைச்சல். திரும்பும்போது பஸ்ஸில் பெனிட்டோவின் போன். அம்மாவின் கண்ணைப் பற்றிச் சொன்னேன். "அம்மய இப்பிடிப் போட்டுட்டு நீ எப்பிடி வருவ ஜின்சி? அடுத்த வருஷம் பாப்போம்."

அடுத்த வருஷம். எவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டார். பஸ்ஸில் எல்லாரும் பார்க்க அழுதேன்.

2 மார்ச், ஞாயிறு

மாமிக்குக் கண் தேவலை! சாயங்காலப் பூசைக்கு வந்தார், பாட்டெல்லாம் பாடினார். லைட் போடவில்லையா என்று கேட்டால், "ஞாயித்துக்கெழம அதுக்கும் லீவு" என்று சிரிக்கிறார்.

3 மார்ச், திங்கள்

வேலை பார்க்கிற பள்ளிக்கூடம் விட்டு வருகிறேன், மறுபடியும் அதே சிவப்பு, அதே தண்ணீர். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போக மட்டும் கண் திறக்குமா? திங்கள்கிழமை விசா பேச்சை எடுத்தால் மூடிக்கொள்ளுமா? நான் போவது பிடிக்கவில்லை என்றால் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டியதுதானே. எனக்கென்ன பைத்தியமா, இதெல்லாம் புரியாமல் இருக்க!

கொல்லையில் நின்று போனில் பெனிட்டோவிடம் சொல்லியேவிட்டேன். "ஒங்கம்ம நடிக்குது."

திரும்பினால் கதவடியில் மாமி, கையில் காயப்போடத் துணி. தடவித் தடவிக் கொடிக் கயிறைப் பிடித்துத் துணியை விரித்தார்.

கேட்டிருக்குமோ? கேட்டிருக்கும்.

4 மார்ச், செவ்வாய்

லீவு சொல்லிவிட்டு மாமியைக் குளச்சலுக்குக் கண் டாக்டரிடம் கூட்டிப்போனேன். மண்டைக்காட்டு அம்மன் கொடைத் திருவிழாக் கூட்டம், பஸ் ஆமையாய் ஊர்ந்தது. மாமி முந்தானையால் கண்ணை மூடிக்கொண்டு வந்தார்.

டாக்டர் பார்த்துவிட்டுக் கேட்டது: "வீட்டுப் பக்கத்துல வெல்டிங் பட்டறை இருக்கா? வெல்டிங் வெளிச்சத்தப் பாத்தாதான் இப்பிடிப் பொள்ளும்." மருந்து விட்டால் இரண்டு மூன்று நாளில் ஆறிவிடும், வெளிச்சம் மட்டும் கூடாது என்றார்.

எங்கள் தெருவில் ஏது வெல்டிங்? வழியெல்லாம் யோசித்தேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் மாமி, "ஐயோ, பத்து மணி கழிஞ்சே போச்சு" என்று தொட்டியடிக்கு ஓடினார். ஜெபப் புத்தகத்துக்கு மேலிருந்த மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டினார். சுவிட்சைப் போட்டார். உடனே கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, தொட்டிக்கு முன்னால் காவலுக்கு ஸ்டூலை இழுத்துப் போட்டு, ஜெபமாலையைக் கையில் எடுத்தார்.

"மாமி... லைட்டப் போட எதுக்குக் கண்ணாடி?"

"நீயில்லா சொன்ன, கண்ணாடி போடாம லைட்டப் போடாதேன்னு!"

ஓடிப்போய் அணைத்தேன். நிமிர்ந்து பார்த்தால் லைட்டுக்கு அடியில் ஒன்றுமே இல்லை. தகடு அலமாரியில் பழைய சேலைக்குள் சுற்றி, பத்திரமாக. "ஒடஞ்சா அவன் ஏசுவாம்லா" என்றார். அந்தக் கண்ணாடி இல்லாமல் அந்த லைட் வெல்டிங் வெளிச்சம்தான். பெனிட்டோ என்னிடம் நூறு தடவை சொன்னது. நான் மாமியிடம் சொன்னது ஒரு வரி. அதுவும் ஆட்டோவில் ஏறும் அவசரத்தில்.

"லைட்டால கண்ணு கடுக்குன்னு ஒங்களுக்குத் தெரியலியா மாமி?"

"தெரியாம என்ன. போட்டாத்தான் கடுக்கும்."

"பின்ன ஏன் போட்டீங்க? ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"சொன்னா நீ தொட்டியப் பாக்காண்டாம்னு சொல்லுவ. வெளிச்சம் இல்லாட்டி அந்தப் பவளம் சாவும். அது செத்தா, அம்மைக்கு ஒண்ணும் பாக்கத் தெரியாதுன்னு அவன் ஒன்ன அங்க கூப்பிட மாட்டாண்டி. எட்டு வருஷம் ஆச்சுலா..."

நான் என்ன நினைத்தேன், என்ன சொன்னேன். கடவுளே, என்ன பொம்பள நான்.

5 மார்ச், சாம்பல் புதன்

நெற்றியில் சாம்பலோடு பெனிட்டோவுக்கு போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா நடிக்கவில்லை, தப்பு என்னுடையது. "அம்மைக்கு ஆறிரும்னா நீ ஏப்ரல்லயே வா" என்றார்.

மாமியிடமும் மன்னிப்புக் கேட்டேன். முந்தாநாள் பேசியது காதில் விழுந்ததா என்று கேட்டேன்.

"கண்ணுதான் பொள்ளிச்சு, காதுக்கு என்ன கேடு? கேட்டுது. போட்டும், விடு. மருந்த ஊத்து."

முதல் இரண்டு சொட்டு கன்னத்தில் விழுந்தது.

9 மார்ச், ஞாயிறு

மாமியின் கண் தெளிந்துவிட்டது. தொட்டியை வைத்திருக்க வேண்டாம் என்று பெனிட்டோவிடம் நான்தான் சொன்னேன். முட்டத்திலிருந்து ஒரு விடுதிக்காரர் வந்து பிழைத்த பவளத்தையும் மீன்களையும் கொண்டுபோனார். டிக்கெட் ஏப்ரல் 21க்கு. ஈஸ்டரை மாமியோடு கழித்துவிட்டுப் போகிறேன்.

25 ஏப்ரல், வெள்ளி, தோஹா

பெனிட்டோவுக்கு லீவு. தோசை சுட்டேன், எதிரே உட்கார்ந்து ஐந்து தின்றார். எட்டு வருடமாக இந்த ஒரு காலைக்குத்தான் காத்திருந்தேன்.

அடுப்பை அணைத்துவிட்டு மாமிக்கு போன் செய்தேன். "நீ தின்னியா?" என்று முதலில் அவர்தான் கேட்டார். மீன் வாங்கவில்லையாம், ஒருத்திக்கு எதற்கு என்று ரசம் மட்டும் வைத்தாராம். போனை வைத்ததும் அழுகை முட்டியது. பெனிட்டோ பயந்துபோய், என்ன, ஊருக்குப் போகணுமா, நான் ஏதாவது சொல்லிட்டனா என்று சுற்றிச் சுற்றி வந்தார். எனக்கே விளங்காததை அவருக்கு எப்படி விளக்க?

"ஒண்ணுமில்ல," என்றேன். "மாமிய மனசு தேடுகு."