மேடையில் சொல்லவேண்டிய ஒரு பெயர்

அக்டோபர் 5, ஞாயிறு

தூறல். ஹீட்டர் போட்டாயிற்று. இன்று வீட்டில் இருந்தவர்கள்: நான், மகள் மும்தாஜ், மாப்பிள்ளை பஷீர், என்னை நன்னி என்று கூப்பிடும் பேத்தி சாரா, பக்கத்து வீட்டுச் சீனாக்காரர் சென். இத்தனை பேரை ஒரே அறையில் பார்த்து ரொம்ப நாள். டீ இரண்டு தடவை போட்டேன்.

சென் வந்த காரியம்: ஜப்பான்காரன் சீனாவுக்குள் படையெடுத்து வந்தபோது வெளித்தேசத்திலிருந்து உதவியவர்களின் குடும்பத்தைக் கூப்பிட்டு மரியாதை செய்கிறார்களாம். அடுத்த ஞாயிறு, ஸ்கூல் ஹாலில். என்னைப் பெற்ற அத்தா ரங்கூனிலிருந்து சீனாவுக்கு மருந்து லாரி ஓட்டியவர் என்று மும்தாஜ் அவரிடம் உளறிவிட்டாள்.

"அம்மா, நீங்க ஸ்டேஜ்ல ரெண்டு வார்த்தை பேசுங்க. நான் ட்ரான்ஸ்லேட் பண்றேன்."

"பார்ப்போம்."

அத்தாவைப் பற்றி நல்ல வார்த்தை இரண்டு என்னிடம் இல்லை. அதை அவளிடம் சொல்லவில்லை.

அக். 7, செவ்வாய்

வெயில், சூடு இல்லாத வெயில். எட்டு மணிக்கு எல்லாரும் போயாயிற்று. மாப்பிள்ளை ரயிலுக்கு, மும்தாஜ் ஆபீசுக்கு, சாரா ஸ்கூல் பஸ்ஸுக்கு. துணி மடித்தேன். முருங்கைக்கீரை, ஐஸில் வைத்தது, வாசனையே இல்லை. மைக்ரோவேவ் கத்தியது. "வர்றேன், இரு" என்றேன். பகல் முழுக்க நான் பேசியது அவ்வளவுதான்.

நாலாம் கிளாசோடு நின்றவள்தான். ஆனால் எதுவும் மறக்காது. ரங்கூனில் ஜப்பான்காரன் குண்டு விழுந்த பிறகு ஒரு காலை. அத்தாவின் லாரி நிறைய மரப்பெட்டி. எந்தெந்த ஊர் ஜனங்களோ சீனத்து ஜனங்களுக்கு அனுப்பிய மலைக்காய்ச்சல் மருந்து கொய்னா, காயத்துக்குக் கட்டும் துணி. தம்பி யூசுப்புக்கு ஆறு மாதம், அம்மா இடுப்பில். எனக்கு ஐந்து வயது.

"ரெண்டு பெட்டிய எறக்குங்க. நாங்க ஏறிக்கிறோம். மாந்தலே வரைக்குமாவது" என்றாள் அம்மா.

"அது அமானிதம் புள்ள. நம்பி ஒப்படைச்சிருக்காங்க. கை வைக்கக் கூடாது."

லாரி வடக்கே போனது. நாங்கள் ஜனங்களோடு ஊரை நோக்கி மேற்கே நடந்தோம். மலைப்பாதையில் தம்பிக்குக் காய்ச்சல். கொய்னாவுக்கு அம்மா கை ஏந்தாத ஆள் இல்லை. கிடைக்கவில்லை. அங்கேயே அடக்கம். ஒரு கல் வைக்கக்கூட நேரம் இல்லை, கூட்டம் நகர்ந்துவிட்டது.

அக். 9, வியாழன்

காற்று. குப்பைத்தொட்டி ரோட்டில் உருண்டது.

சாயங்காலம் சென் வந்தார், மேடையில் வைக்க அத்தாவின் படம் கேட்டு. சாராதான் நடுவில் நின்று சொன்னாள், பாதி தமிழ், பாதி இங்கிலீஷ். அத்தாவின் லாரி போன ரோட்டோர ஊர்தான் சென்னுடைய தாத்தா ஊராம். தாத்தா அப்போது மூன்று வயதுப் பிள்ளை. மலைக்காய்ச்சல். லாரியில் வந்த மருந்தில் பிழைத்தாராம்.

"நன்னி, ஹி சேஸ் தேங்க்யூ" என்றாள். அந்த மனுஷர் என் முன்னால் குனிந்து நின்றார்.

அவர் போன பிறகு அத்தா திரும்பி வந்த நாள் ஞாபகம் வந்தது. யுத்தம் முடிந்து அத்தா ஊர் திரும்பியபோது கேட்ட முதல் கேள்வி, "சின்னவன் எங்க?" அம்மா முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். அவர் அப்படியே வாசலில் உட்கார்ந்தார். அதற்குப் பிறகு சாகும்வரை அந்தப் பேரை வாயால் சொல்லவில்லை. அம்மா மட்டும் வருஷத்துக்கு ஒருநாள் அடுப்படியில் கஞ்சி காய்ச்சி, அவருக்குக் கேட்காமல் தம்பிக்கு ஃபாத்திஹா ஓதுவாள்.

மஃரிபு தொழுதபின் அத்தாவுக்கு துஆ கேட்டேன். இத்தனை வருஷத்தில் முதல் தடவை. அவரைப் பொறுத்துக்கொண்டேன் என்றும் சொன்னேன்.

மும்தாஜிடம்: "மேடைக்கு வர்றேன். ஆனா யூசுப் பேரச் சொல்லணும். அவன் ஒருத்தன் இருந்தான்னு நாலு பேர் காதுல விழணும்."

"சொல்லாம விடுவேனாம்மா?"

அக். 11, சனி

ஓக் ட்ரீ ரோட்டு நம்மூர்க் கடைகளுக்குப் போனோம். முக்காட்டுக்குக் குத்தும் ஊசி, மும்தாஜுக்குப் புதுச் செருப்பு, பேரீச்சம்பழம். பார்க்கிங் கிடைக்காமல் மாப்பிள்ளை மூன்று சுற்று.

பேச வேண்டியது ஐந்தே வாக்கியம். பாத்ரூமில் சொல்லிப் பார்த்தேன். சாரா கதவைத் தட்டி, "நன்னி, உள்ள யாரு?"

"உங்க சின்ன நன்னா" என்றேன். சிரித்தாள். பிறகு ஆறு மாதப் பிள்ளையை எப்படி நன்னா, அதாவது தாத்தா, என்பது என்று கேட்டாள். நியாயமான கேள்வி. உட்கார்ந்து முழுக்கச் சொன்னேன். சிரிப்பு நின்றுவிட்டது.

அக். 12, ஞாயிறு

மழை. ஹால் நிறைய ஜனம். நமக்கென்று தனியாக, ஹலால் பார்த்து, டோஃபு டப்பா. உப்பில்லை.

மேடையில் அத்தா படம், பெரிதாக்கி. ஐந்து வாக்கியமும் சொன்னேன். கடைசி இரண்டு தம்பிக்கு. பேர், வயது, காய்ச்சல், கல் வைக்காதது.

மும்தாஜ் இங்கிலீஷில் சொன்னாள். ரங்கூன் வந்தது. மெடிசின் வந்தது. ப்ரவுட் இரண்டு தடவை. யூசுப் பேருக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். அதற்குள் எல்லாரும் எழுந்து கைதட்டினார்கள். சென் கண்ணைத் துடைத்தார். சாரா மட்டும் தட்டாமல் அவள் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

யூசுப் பேரை ஏன் சொல்லவில்லை என்று காரில் மும்தாஜிடம் கேட்டேன். ரோட்டைப் பார்த்தபடியே சொல்கிறாள்:

"அவங்க ஆசையா மரியாதை பண்றாங்க. உங்களுக்கு மருந்து வந்ததால எங்க வீட்டுப் புள்ள செத்துச்சுன்னு எப்படிம்மா சொல்றது? குத்திக்காட்டற மாதிரி ஆயிடும். அந்த ரெண்டு லைன் மட்டும்தான் விட்டேன்."

"ரெண்டு லைன்தான் அவன்."

 அவள் வைப்பரை வேகமாக்கினாள்.

அத்தாவை வியாழக்கிழமையே மன்னித்தாயிற்று. ஜப்பான்காரனைக்கூட அல்லாஹ் பார்த்துக்கொள்வான். மன்னிக்க மாட்டேன் என்று இன்று எழுதி வைப்பது ஒரே ஒரு ஆளை. நான் பெற்ற மும்தாஜ்.