வடிகாலும் தலைப்பிரசவமும்

மரியே வாழ்க!

அன்புள்ள மகள் ஜாஸ்லினுக்கு, அப்பா ஆசீர்வாதத்தோடு எழுதுவது. நானும் அம்மாவும் வேளைக்குச் சாப்பிடுகிறோம், படுக்கிறோம், எழுந்திருக்கிறோம். அதை நலம் என்று நீ எடுத்துக்கொள்ளலாம். உனக்கு ஏழாம் மாதம் பிறந்திருக்கும். கால் வீக்கம் வடிந்ததா?

போனில் சொல்லாமல் எழுதக் காரணம் உண்டு. வார்டு மெம்பர் தேர்தலில் தோற்றுவிட்டேன். அதைச் சிரித்துக்கொண்டே சொல்ல எனக்கு வரும். நடுவில் குரல் மாறினால் நீ பெங்களூரில் உட்கார்ந்து அழுவாய். மாப்பிள்ளை பரிதி பாவம், உன்னைத் தேற்ற லீவு போடுவார்.

முழு வழுக்கைக்காரனுக்குச் சீப்பு சின்னம் கொடுத்தபோதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். மொதல்ல இது உங்களுக்கு எதுக்குண்ணே என்று கேட்காத வீடு இல்லை.

நீ சொல்லிக்கொடுத்தபடிதான் பேசினேன். ஒரே விஷயத்தச் சொல்லுங்கப்பா, யாரையும் திட்டாதீங்க, ஒரு பேச்சு முடிஞ்சா கொஞ்சம் நிறுத்துங்க என்றாயே. என் ஒரே விஷயம் வடிகால். ஆகாயத்தாமரை அடைத்துக்கொண்டு, கார்த்திகை மழைத் தண்ணீர் இன்னும் பயிரின் இடுப்பளவு நிற்கிறது. முதல் கூட்டத்தில், வடிகாலைத் தூர்வாருவேன் என்று சொல்லிவிட்டு நிறுத்தினேன். பேச்சு முடிந்தது என்று மைக்செட் ஷேக் பரீத் பாட்டைப் போட்டுவிட்டான். அப்புறம் நிறுத்தும்போதெல்லாம் அவனைப் பார்த்துக் கையை உயர்த்த வேண்டியதாயிற்று. கீழத்தெருவில் ஒரு அம்மாள் அதை ஆசீர்வாதம் என்று நினைத்துச் சிலுவை போட்டுக்கொண்டாள்.

போகப் போகப் பேச்சு தேறியது. பெண்கள் நின்று கேட்டார்கள். ஜெயித்துவிடுவான் என்றுகூடச் சொன்னார்கள்.

நான் எதற்காக நின்றேன் என்பது உன் அம்மாவுக்குத் தெரியும். உனக்குச் சொல்லவில்லை. வடிகால் பாதிக் காரணம்தான். நீ வேறு சாதியில், வேறு வேதத்தில் கட்டிக்கொண்டாய் என்று, நீ திரும்பி வந்தால் நம் வாசலை மிதிப்பதில்லை எனத் தெருவில் பேசி வைத்திருக்கிறார்கள். மெம்பர் வீட்டுக்குக் கையெழுத்துக்காவது வந்துதானே ஆகவேண்டும்? அந்தச் சாக்கில் உன்னைத் தலைப்பிரசவத்துக்கு மரியாதையோடு அழைத்து வந்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். எட்டாம் வகுப்புக் கணக்கு.

கடைசி நாள் மாதா கெபி எதிரில் கூட்டம். என்னை எதிர்த்து நின்ற உன் துரைராசு பெரியப்பா நேரே முன்னால் வந்து, “வடிகாலு கெடக்கட்டும்டா. ஓடிப்போனவள உள்ள கூட்டியாரத்தானே சீப்பத் தூக்கிட்டு அலையிற?” என்று கேட்டார். நம் ஆட்கள் என் காதில், “அவளுக்கும் எனக்கும் சம்பந்தமில்லன்னு ஒரு வார்த்த சொல்லிடுங்கண்ணே, ஜெயிச்சிரலாம்” என்றார்கள்.

கோபம் வந்தது. உன் பாடம் நினைவுக்கு வந்து, மூச்சை இழுத்து விட்டேன். “ஆமாண்ணே. தையில எம்பொண்ணு தலைப்பிரசவத்துக்கு வர்றா. மாப்பிள்ளையும் வருவாரு. எல்லாரும் வந்து புள்ளையப் பாருங்க” என்றேன். நிறுத்தினேன். ஷேக் பரீத்கூடப் பாட்டுப் போடவில்லை. ஒவ்வொருவராக நாற்காலியை விட்டு எழுந்து போனார்கள். நான் பேசியது அத்தனை பேருக்கும் தெளிவாகப் புரிந்தது என் வாழ்நாளில் அன்றைக்குத்தான்.

சொந்தக்காரர்கள் ஓட்டுகூட விழவில்லை. அது போகட்டும். மருந்தடிக்க வருவதாகச் சொன்னவர் வரவில்லை. கிறிஸ்துமஸ் பலகாரம் சுட அம்மாவை இந்த வருஷம் யாரும் கூப்பிடவில்லை. பயிர் அடியில் அழுகுகிறது. துரைராசு அண்ணன் வயலிலும் அதே தண்ணீர்தான். வரப்பில் எதிரெதிரே நின்று பார்க்கிறோம், பேசுவதில்லை.

அம்மாவும் என்னிடம் பேசுவதில்லை. ஊரையே முறிச்சிட்டு வந்துட்டீங்களே, அவ அங்கேயே பெத்துக்கட்டும் என்று சொன்னதுதான் கடைசி. ஆனால் துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆகிவிட்ட என் பழைய வேட்டிகளைச் சதுரம் சதுரமாகக் கிழித்து வெயிலில் உலர்த்துகிறாள். கேட்டால் அடுப்படித் துணி என்கிறாள். அவ்வளவு பெரிய அடுப்படி நம் வீட்டில் இல்லை.

பொங்கல் கழித்து உன்னை அழைக்க வருகிறேன். வரிசைத்தட்டு ஒற்றைப்படையில் இருக்கவேண்டும் என்பது முறை. சித்தி, அத்தை எல்லோரும் ஆளுக்கொன்றாகத் தூக்கி வரப் பதினொரு தட்டு வைக்கவேண்டும் என்று அம்மா எப்போதோ சொல்லி வைத்திருந்தாள். இப்போது தூக்க ஆள் இல்லை. பெங்களூர் வழியாகப் போகும் மைசூர் ரயிலில் நான் ஒருவன், ஒரு தட்டோடு வருவேன். ஒன்றும் ஒற்றைப்படைதான். மாப்பிள்ளை வீட்டார் ஏதும் கேட்டால் அப்படியே சொல்லு.

மாதா உன்னையும் உன் வயிற்றில் இருப்பதையும் காப்பாற்றட்டும். வரமாட்டேன் என்று மட்டும் சொல்லிவிடாதே, அம்மா.

உன் அப்பா,
குழந்தைராஜ்